கட்டியங்காரனின் இடம்

1

தெருக்கூத்தைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டிருப்பவற்றில் கிரீடம் இருக்கிறது, புஜக்கட்டை இருக்கிறது, அடவும் விருத்தமும் முகவீணையும் இருக்கின்றன. சடங்குக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவு பற்றிய விசாரணைகள்கூட இருக்கின்றன. கட்டியங்காரன் மட்டும் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறான். இடையிடையே ஹாஸ்யத்துக்காக வருபவன், கதையை இணைத்துச் செல்பவன் என்று சொல்லிவிட்டு எழுதுபவர் துரியோதனனிடம் போய்விடுகிறார். இலையில் ஊறுகாய்க்குக் கொடுக்கிற இடம்தான் அவனுக்கு.

இந்த அலட்சியம் தற்செயலானதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சமூகம் தன் கலையைத் தன்னுடைய அடையாளம் என்று பிறருக்குக் காட்டத் தொடங்கும்போது அதில் முதலில் கத்தி விழுவது சிரிப்பின் மேல்தான். ஏன் அப்படி? அதை வெட்டிய பிறகு மிஞ்சுவது அதே கலைதானா? சிரிப்பு வேண்டும் என்றால், எல்லாச் சிரிப்பும் வேண்டுமா? இந்த மூன்று கேள்விகளும் கூத்து ரசனை பற்றியவை போலத் தெரிந்தாலும் அடிப்படையில் தார்மிகமானவை. நம்மைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பதைக் கொண்டு நாம் யார் என்று சொல்லிவிடலாம்.

முதலில் அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களிலும் எல்லைக்கு அப்பால் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் திரௌபதி அம்மனுக்குத் திருவிழா எடுக்கும்போது பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று மகாபாரதம் இரண்டு தளங்களில் நிகழ்கிறது. கூத்தில், இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்கிறான். கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரிகின்றன. திரைக்கு இப்பால், நம் பக்கத்தில், கட்டியங்காரன். அவன் கேட்கிற கேள்விகளுக்கு ராஜா பதில் சொல்லியாக வேண்டும். நீ யார், உன் ஊர் எது, தகப்பன் பேர் என்ன, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், இந்த நடுராத்திரியில் எங்கள் ஊருக்கு என்ன வேலையாக வந்தாய்? தம்பிமார் தொண்ணூற்றொன்பது பேர் என்று ராஜா கர்ஜிக்கிறான். 'அத்தினி பேரையும் ரேஷன் கார்டுல எப்பிடி ராஜா எழுதினாங்க?' என்கிறான் இவன்.

இதை வெறும் துணுக்காக எடுத்துக்கொண்டால் அமைப்பை விட்டுவிடுகிறோம். கூத்தில் ராஜா தன்பாட்டுக்கு வந்து ராஜாவாக நின்றுவிட முடியாது. சாமானியன் ஒருவன் விசாரித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவன் ராஜா. ஹஸ்தினாபுரத்தின் அதிகாரம் இந்தத் தெருவில் செல்லுபடியாக வேண்டுமானால் இந்தத் தெருவின் பாஷையில் அது ஒருமுறை தன்னை விளக்கிக்கொள்ள வேண்டும். விருத்தம் பாடுகிறவர்கள் எல்லோரும் துவாபர யுகத்தில் நிற்கிறார்கள். இன்றைக்கு என்ன கிழமை, இந்த ஊர்ப் பிரசிடெண்டு யார், ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் கட்டியங்காரன். இரண்டு காலங்களும் சந்திக்கிற கீல் அவன். கீலைக் கழற்றிவிட்டால் கதவு அழகாகத்தான் இருக்கும்; ஆனால் திறக்காது.

கேரளத்துக் கூடியாட்டத்தில் நாயகன் சமஸ்கிருதத்தில் பேச, விதூஷகன் மட்டும் மலையாளத்தில் அதற்குப் பொருள் சொல்கிறான்; சொல்கிற சாக்கில் எதிர்ச் சுலோகம் கட்டிக் கேலியும் செய்கிறான். ஜாதியாலும் இடத்தாலும் கூத்துக்கு எவ்வளவோ தொலைவில் இருக்கிற கலை அது. ஆயினும் பெருங்கதை ஒரு ஊருக்குள் நுழைய வேண்டுமானால் சிரிக்கிறவன் ஒருவனின் வாய் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்ற அறிவு இரண்டுக்கும் பொது.

2

கட்டியம் என்றால் அரசன் வருகையை அறிவிக்கும் புகழ்மொழி. அதைக் கூறுவது கட்டியங்காரனின் தொழில். புகழ்வதற்குச் சம்பளம் வாங்குகிறவனே பரிகசிப்பவனாக மாறியிருக்கிறான் என்பதில் தமிழ்க் கிராமத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. சீவக சிந்தாமணியில் இந்தப் பெயரைத் தாங்குபவன் அரசனைக் கொன்று நாட்டைக் கைப்பற்றும் அமைச்சன். இரண்டு பேருக்கும் சம்பந்தம் உண்டா என்பது வேறு விசாரணை. ஆனால் அரசனுக்கு வெகு அருகில் நிற்பவனிடம் ஓர் ஆபத்து இருக்கிறது என்ற நினைப்பு அந்தப் பெயருக்குள் எங்கோ கிடக்கிறது.

திருபுவனைப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1048ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கே நடந்த ஒரு கல்விச் சாலையைப் பற்றி அது பேசுகிறது: 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள், வேதங்கள், வியாகரணம், மனு சாஸ்திரம், ராமாயணம், பாரதம். இதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே பாகூரில் பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்ததைச் சொல்கிறது. ஆக இந்த மண்ணில் மகாபாரதம் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நெல்லும் நிலமும் கொடுத்துப் பாதுகாக்கப்பட்ட ஒன்று. அந்தச் சாலை இன்று இல்லை. மானிய நிலங்கள் யார் யார் கைக்கோ போய்விட்டன. பாரதம் மட்டும் இருக்கிறது — வில்லிபுத்தூராரின் பாடல்களையும் நல்லாப்பிள்ளையின் பாடல்களையும் வாயில் போட்டுக்கொண்டு, பகலில் உழுதுவிட்டு இரவில் அரிதாரம் பூசுகிறவர்களிடம் இருக்கிறது.

மானியத்தில் பிழைக்காதது கூத்தில் ஏன் பிழைத்தது? பக்தி என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மனப்பாடம் செய்து ஒப்பித்த பாரதத்தை யாரும் குறுக்குக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கூத்தில் கேட்கிறார்கள். கேள்வி கேட்கிற ஒருவனை உள்ளே வைத்திருப்பதால்தான் கதை ஒவ்வொரு வருஷமும் மறுபடி பதில் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறது. அந்த நிர்ப்பந்தம் அதை உயிரோடு வைத்திருக்கிறது.

இங்கு மகாபாரதத்திலேயே உள்ள ஒரு சிறு பாத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சூது முடிந்ததும் திரௌபதியை அழைத்துவர அனுப்பப்படுபவன் பிராதிகாமி, சூத குலத்துப் பணியாள். அவள் வர மறுத்து, ஒரு கேள்வியைக் கொடுத்துத் திருப்பியனுப்புகிறாள்: முதலில் தோற்றது தன்னையா, என்னையா? அந்தக் கேள்வியை அவன் சபைக்கு எடுத்துவந்து கேட்கிறான். தர்மன் பதில் சொல்வதில்லை. பிறகு திரௌபதியே இழுத்துவரப்பட்டுக் கேட்கும்போது பீஷ்மனாலும் தீர்மானமாக எதுவும் சொல்ல முடியவில்லை. தர்மத்தின் கதி சூட்சுமமானது என்று ஒதுங்கிக்கொள்கிறான். பாரதி இந்தப் புதுவையில் இருந்துகொண்டு எழுதி 1912இல் முதற்பாகத்தை வெளியிட்ட பாஞ்சாலி சபதத்திலும் கேள்வியைச் சுமந்து வருகிறவன் தேர்ப்பாகன்தான்.

ராஜாக்களும் குருமார்களும் நிறைந்த சபையில் அந்தக் கேள்வியை முதலில் உச்சரித்த குரல் ஒரு வேலைக்காரனுடையது. மகாபாரதத்தின் மிகக் கூர்மையான தார்மிகக் கேள்விக்கு முதல் தூதன் அவன். துகிலுரிதல் இரவில் கட்டியங்காரன் நிற்கிற இடமும் அதுவே. தர்மன் தோற்று நிற்கும்போது இவன் போய்ச் சொல்கிறான்: 'இன்னா தர்மராஜா, உன்னயே மொதல்ல வச்சித் தோத்துட்ட. அப்பறம் அந்தம்மாவ வைக்கிறதுக்கு நீ யாரு? அடமானம் வச்சதுக்கு ரசீதாவது குடுத்தானா?' பகலெல்லாம் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இந்த வரியின் சட்டபூர்வமான துல்லியத்தை நான் பாராட்ட வேண்டும். தனக்குச் சொந்தமில்லாததை அடகு வைக்க முடியாது என்பதை, மனைவியின் தாலிச் செயினைக் கொண்டுவந்து நீட்டுகிற ஆண்கள் நிறைந்த ஒரு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு அவன் சொல்கிறான். கூட்டம் சிரிக்கிறது. பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கத்திலிருந்து வருகிற சிரிப்பின் சுருதி வேறாக இருக்கிறது. திரௌபதியின் கேள்வி அங்கே வெறும் புராணமாக இல்லை.

கவனியுங்கள், இதே இரவில்தான் சேலையை இழுக்கும் முன் கற்பூரம் ஏற்றுகிறார்கள். துச்சாதனன் வேஷக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். சிலருக்கு ஆவேசம் வருகிறது. பக்தியும் பரிகாசமும் ஒரே களத்தில், சில நிமிஷ இடைவெளியில். இரண்டும் முரண் என்று நினைப்பது நம்முடைய படிப்பு. பரிகாசத்தைத் தாங்க முடியாத பக்தி பலவீனமானது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற கிழவிக்குத் தெரியும்.

3

இனி, சிரிப்பு ஏன் முதலில் வெட்டுப்படுகிறது என்ற கேள்விக்கு வருவோம். இதற்குத் திபெத்தியர்களின் அனுபவம் பெரிதும் உதவுகிறது. 'அச்சே லாமோ' என்ற அவர்களுடைய இசைநாடகம் கூத்தைப் போலவே திறந்த வெளியில் ஆடப்படுவது. நம்முடையது இரவு முழுதும் என்றால் அவர்களுடையது பகல் முழுதும். இரும்புச் சங்கிலிப் பாலங்கள் கட்டிய தாங்டொங் கியால்போ என்ற துறவி அதைத் தொடங்கியதாக மரபு. முகமூடி அணிந்த வேடர்கள் முதலில் வந்து களத்தைச் சுத்தி செய்கிறார்கள். பௌத்த அரசர்களின் கதை நடக்கிறது. ஆனால் நடுநடுவே கதை நின்றுவிடுகிறது, கோமாளித்தனம் ஆரம்பிக்கிறது. குறி சொல்லும் சாமியாடியையும் வைத்தியனையும் பிக்குணியையும் அதிகாரியையும் பாவித்துக் காட்டிச் சிரிக்க வைக்கிறார்கள். பழைய லாசாவில் தயிர் விழாவின்போது நோர்புலிங்கா அரண்மனைத் தோட்டத்தில், தலாய் லாமாவும் பிரபுக்களும் பார்த்துக்கொண்டிருக்க இது நடந்தது. மதமே அரசாக இருந்த நாட்டில் மதகுருவைக் கேலி செய்ய வருஷத்தில் சில நாள் இடம் இருந்தது.

1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவுக்குள் வந்தார். சில மாதங்களுக்குள்ளாகவே, அதே வருஷத்தில், அகதிகள் காலிம்போங்கில் ஒரு நாடக சங்கத்தை ஏற்படுத்திவிட்டார்கள். பின்னால் அது தர்மசாலையில் திபெத்திய நிகழ்கலை நிறுவனமாயிற்று. தலைக்கு மேல் கூரை நிச்சயமாவதற்கு முன்பே கூத்துக்கு வழி செய்துகொண்ட அந்த ஜனங்களை நாம் வணங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணத்திலிருந்து லாமோவின் மேல் ஒரு புதிய பாரம் ஏறுகிறது. அது இனி வேடிக்கை அல்ல. ஒரு தேசத்தின் சாட்சியம். பார்க்க உட்கார்ந்திருப்பவர்களில் அன்னியர் இருக்கிறார்கள். அந்தப் பக்கம், திபெத்தைத் தன் கையில் வைத்திருக்கும் அரசும் அதே கலைக்கு உரிமை கொண்டாடுகிறது. 2009இல் யுனெஸ்கோவின் பட்டியலில் திபெத்திய இசைநாடகம் சீனாவின் பெயரில் இடம்பெற்றது. இந்தச் சூழலில் சாமியாடியைக் கேலி செய்கிற கோமாளி என்ன செய்வான்? 'பார், அவர்களே சிரிக்கிறார்கள்' என்று எதிரி சொல்லிவிடலாமே? உள்ளே இருப்பவர்களுக்குச் சொன்ன பரிகாசம் வெளியே வாக்குமூலமாகிவிடுகிற நிலை அது.

தமிழரிலும் இதற்கு நிகரான ஒரு சம்பவம் உண்டு. 1956இல் இலங்கையில் சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்களம் மட்டும் சட்டம் வந்த வருஷமும் அதுவே. சிங்கள நாடகத்துக்குத் தேசிய வடிவம் தேடிய அவர் எடுத்துக்கொண்ட நாடகம வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருந்தது. இதைத் தொடர்ந்து 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, இரவு முழுதும் ஆடுவதைச் சுருக்கி, செப்பனிட்டு மேடைக்குக் கொண்டுவந்தார். எங்களுக்கும் உண்டு என்று சொல்ல வேண்டிய அவசியம் ஒரு சமூகத்துக்கு வந்துவிட்டது. அந்த அவசியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வீடு தீப்பிடிக்கும்போது யாரும் கோமாளித் தொப்பியை முதலில் வெளியே எடுப்பதில்லை.

ஆகவே அச்சுறுத்தப்பட்ட மக்கள் தங்கள் சிரிப்பை ஒளித்துவைத்தால் அதற்கு நியாயம் உண்டு. ஒளித்துவைப்பது வேறு, மறந்துவிடுவது வேறு என்பதுதான் அவர்கள் முன்னுள்ள அபாயம். ஒரு தலைமுறை பெருமிதத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தால் அது தன் கலாசாரம் பெருமிதத்தால் ஆனது என்றே நம்பிவிடும். தன் பாட்டன் தன் சாமியைப் பார்த்துச் சிரித்தான், சிரித்துவிட்டுக் கும்பிட்டான் என்பது அதற்கு அவமானமாகத் தோன்றும். எதிரி செய்ய முடியாத சேதம் அது, நாமே செய்துகொள்கிறோம்.

4

நம் விஷயம் வேறு. புதுவையிலோ விழுப்புரத்திலோ கூத்தை யாரும் தடை செய்யவில்லை. நாம் கட்டியங்காரனைச் சுருக்குவது பயத்தால் அல்ல, கூச்சத்தால். 'கூத்தாடி' என்பது இன்றும் வசவு. கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்ற பழமொழி இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது: ஒருவன் விடியலுக்கும் மற்றவன் அந்திக்கும் காத்திருக்கும் உழைப்பாளி. அந்த உழைப்பாளிக்கு மரியாதை வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் உயர்ந்த காரியம் செய்தார்கள். 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியதும், புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் படித்தவர்கள் போய்க் கைகட்டி நின்றதும் தமிழ் நாடகத்தின் சரித்திரத்தில் முக்கியமான நிகழ்ச்சிகள். 1990இல் காஞ்சிபுரத்தில் பி. ராஜகோபால் முதலிய கலைஞர்கள் சங்கம் அமைத்தபோது 'தெரு' என்ற சொல்லையே விட்டுவிட்டுக் கட்டைக்கூத்து என்று பெயரிட்டுக்கொண்டார்கள். தெருவில் நிற்பவன் என்ற இழிவை ஏற்க அவர்கள் மறுத்தார்கள். மறுக்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு.

ஆனால் படித்தவன் கூத்திலிருந்து எடுத்துக்கொண்டது எதை? உடம்பை, அடவை, குரலின் வீச்சை. இவை பயிற்சியாகக் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஊர் விட்டு ஊர் போனாலும் மாறாதவை. கட்டியங்காரனை அப்படி எடுத்துப்போக முடியாது. அவனுடைய வசனம் எழுதப்படுவதில்லை. பொழுது சாய்வதற்கு முன் அந்த ஊருக்கு வந்து, டீக்கடையில் உட்கார்ந்து, யார் வீட்டில் என்ன சண்டை, எந்த ஒப்பந்தக்காரன் போட்ட ரோடு மழைக்குக் கரைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அன்றிரவு அவனுக்குப் பேச்சு. நகரத்து அரங்கில் ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்கு அவன் யாரை விசாரிப்பான்? அங்கு உட்கார்ந்திருப்பவர்களுக்குள் ஒருவரோடு ஒருவருக்குச் சண்டைகூடக் கிடையாது, அறிமுகமே இல்லை. அவன் வருகிறான், குட்டிக்கரணம் போடுகிறான், பொதுவான ஒரு அரசியல் ஜோக் சொல்கிறான். நாம் கைதட்டுகிறோம். கிராமத்தில் அவன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். அரங்கில் நாம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். பரம்பரைக் கலையை ரசிக்க வந்திருக்கும் நாம் அவனுடைய கேலி எட்டாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் அந்த மாலையின் சாராம்சம்.

அடையாளம் என்பதைப் பற்றி இந்த வட்டாரம் சொல்லித்தருவதும் இதுதான். புதுவையின் கிராமங்கள் தமிழ்நாட்டு எல்லைக்குள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு அரசு, மறுபடி ஒரு வரப்பைத் தாண்டினால் பழைய அரசு. 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சுக்காரன் எல்லை. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் வந்தது. கூத்து ஜமா இந்த எல்லைகளைப் பொருட்படுத்தியதில்லை. கட்டியங்காரன் மட்டும் பொருட்படுத்துகிறான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆடும்போது குடிக்க இங்கே வருகிறவனைக் கேலி செய்வான். இந்தப் பக்கம் ஆடும்போது பிரான்சின் பென்ஷன் வாங்குகிற சொல்தாவின் மிடுக்கையும், அந்தக் குடும்பத்தில் பெண் கொடுக்கத் துடிக்கிற மாமனாரையும் பாவித்துக் காட்டுவான். தமிழ்ப் பண்பாடு என்று மேடையில் முழங்குகிறவனுக்கு இந்த வேறுபாடுகள் தொந்தரவு. கட்டியங்காரனுக்கு இவையே மூலதனம். அவன் காட்டுகிற தமிழன் ஏதோ ஒரு குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட கடனோடும் வீம்போடும் வாழ்கிறவன்.

5

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் அது யோக்கியமாகாது. கட்டியங்காரனின் சிரிப்பில் கணிசமான பகுதி கொடூரமானது. நொண்டியை, திக்குவாயனை, கறுப்பு நிறத்தை, விதவையைக் கேலி செய்கிறான். பெண் வேஷத்தோடு அவன் அடிக்கிற கூத்து பல சமயம் ஆபாசம் என்பதைவிட மோசமானது, அலுப்பானது. ஜாதிப் பெயர் சொல்லிச் சிரிக்க வைக்கிறவனும் உண்டு. மக்கள் கலை என்பதற்காக இதையெல்லாம் பூஜித்துவிட முடியாது. ருஷ்ய விமர்சகர் பக்தின் திருவிழாச் சிரிப்பு மேல்கீழைத் தலைகீழாக்குகிறது என்றார். தலைகீழாவது ஒரு இரவுதான். விடிந்ததும் எல்லாம் பழையபடி நிமிர்ந்துகொள்கின்றன என்ற ஆட்சேபமும் அதற்கு உண்டு. இரண்டையும் நம் களத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் பலிக்கவில்லை. ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். சபை நடுவே நியாயம் கேட்ட ஒருத்தியின் கோயில் அது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிறோம். இங்கே ஊர் ரெண்டுபட்டது புதிதாக அல்ல. ஊரும் சேரியும் என்று எப்போதுமே ரெண்டாகத்தான் இருந்தது. ரெண்டாக இருக்கிற ஊரில் 'நம்மைப் பார்த்து நாமே சிரிக்கிறோம்' என்று சொல்லும்போது அந்த 'நாம்' யார்? களத்துக்குள் நிற்கவே உரிமையில்லாதவனைப் பற்றிக் களத்தின் நடுவே நின்று செய்யப்படும் கேலியை எந்தச் சித்தாந்தத்தாலும் சுயபரிகாசம் என்று அழைக்க முடியாது.

எனக்குக் கிடைக்கிற உரைகல் ஒன்றுதான். கேலிக்கு ஆளானவன் பதில் சொல்ல முடிகிறதா? தர்மராஜனைக் கேட்ட கேள்விக்குத் தர்மராஜன் பதில் சொல்லலாம். அரசனுடைய மௌனமும் ஒரு பதில்தான், அதையும் கூட்டம் எடை போடுகிறது. ஊர்ப் பிரசிடெண்டு மறுநாள் காலை கட்டியங்காரனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம், கேட்கவும் செய்வான். கடன்காரன், சொல்தா, மாமனார் எல்லோரும் களத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், திருப்பிக் கத்துகிறார்கள், கட்டியங்காரன் அதற்குப் பதில் சொல்லித் தோற்பதும் உண்டு. இந்தச் சிரிப்பு இரண்டு பக்கமும் ஓடுகிற வண்டி. பதில் சொன்னால் அடி விழும் என்ற நிலையில் இருப்பவனை நோக்கி எறியப்படும் சிரிப்பு வேறு ஜாதி. பிராதிகாமி கேள்வியைத் திரௌபதியிடமிருந்து சபைக்கு எடுத்துப்போனான். அவனையே சபையிலிருந்து திரௌபதிக்கு வசவைச் சுமந்து போகச் சொன்னால் அவன் தூதனல்ல, துச்சாதனன்.

ஆகவே, கட்டியங்காரனைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்பவர்கள் அவனுடைய வசனத்தை ஒலிநாடாவில் பிடித்து அச்சடித்துவிடுவதால் காரியமாகிவிடாது. அச்சில் ஏறிய அன்றைக்கே அது செத்த வசனம். கத்தரித்துச் சுத்தம் செய்து பள்ளி ஆண்டு விழாவுக்கு ஏற்றதாக்கிவிடுவதும் மருந்தல்ல. சுத்தம் செய்கிற கை எப்போதும் ஆபாசத்தோடு சேர்த்துக் கேள்வியையும் துடைத்துவிடுகிறது, எம்.எல்.ஏ. பற்றிய வரி முதலில் போகும், விதவை பற்றிய வரி எப்படியோ தங்கிவிடும். அவனுக்கு வேண்டியது முழு இரவும், அவனைத் தெரிந்த ஒரு கூட்டமும். அந்தக் கூட்டத்தில் யார் யார் உட்காரலாம் என்பதைத் தீர்க்காமல் கலையை மட்டும் தனியாகக் காப்பாற்ற வழியில்லை.

அதோடு யார் கட்டியங்காரனாகலாம் என்பதும் ஒரு கேள்வி. காஞ்சிபுரத்துச் சங்கத்தார் நடத்திய குருகுலத்தில் 2002லிருந்து 2020 வரை பெண் குழந்தைகளும் கட்டைக்கூத்துப் பயின்றார்கள். ஒரு பெண் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு துகிலுரிதல் இரவில் தர்மனுக்கு எதிரே போய் நின்றால் ரசீது எங்கே என்ற வரி வேறு பொருள் கொள்ளும். களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் பேரன் திரைக்கு இப்பால் நின்று, நீ யார், எந்த ஊர், எங்கள் தெருவுக்கு ஏன் வந்தாய் என்று ராஜாவை விசாரித்தால் அந்தக் கேள்விகள் மூன்றுமே புதிதாகக் காதில் விழும். அப்போது நமக்குச் சிரிப்பு வருமா என்பது நிச்சயமில்லை. சிரிக்க முடிந்தால், அன்றைக்கு அந்தக் களத்தை நம்முடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.